சைகோனுக்குப் போன உடைசல் அப்பளம்

சைகோனில் முதல் நாள் காலை, கண்காட்சி மண்டபத்தில் என் நான்கு அட்டைப் பெட்டிகளையும் திறந்து பார்த்தேன். மூன்றில் ஒரு முழு அப்பளம்கூட இல்லை. நான்காவதில் ஒன்று இருந்தது. வெளியே எடுக்கும்போது அதுவும் என் கையிலேயே உடைந்தது.

மதுரை கோச்சடையில் அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறேன். கம்பெனி என்பது பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிற சொல். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, மாவு பிசைகிற மிஷின் ஒன்று, ஒரு பழைய வேன், அவ்வளவுதான். பிசைந்த உளுந்து மாவு தினமும் காலையில் திருவாதவூருக்குப் போகும். அங்கே பாண்டியம்மாள் அக்காவும் இன்னும் பதினான்கு பெண்களும் கையால் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, அடுக்கிக் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். பல வருடங்களாக இதுதான் ஓட்டம். மிஷின் அப்பளம் வந்த பிறகு கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "ருசி ஒங்களுதுதாம்மா. ஆனா மிஷின்ல எல்லாம் ஒரே சைஸ்ல வருதுல்ல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நழுவினார்கள். ஐப்பசி மழைக்குள் புது ஆர்டர் பிடிக்காவிட்டால் பாதிப் பேரை நிறுத்த வேண்டியிருக்கும். யார் அந்தப் பாதி என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் நான் உறுப்பினராக இருக்கிற சிறுதொழில் சங்கம், 'உள்ளூர்ப் பொருள், உலகச் சந்தை' என்று ஒரு பயணம் அறிவித்தது. வியட்நாமுக்கு எங்களில் ஒன்பது பேரைக் கூட்டிப்போனார்கள். அந்த வாசகத்தைப் பன்னிரண்டடி பேனராக அடித்து, அதை நிறுத்த இரும்புச் சட்டமும் செய்திருந்தார் சங்கச் செயலாளர். பெட்டி கட்டியபோது அந்தச் சட்டத்தை என் அப்பளத்துக்கு மேலே வைத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பொருளின் மேல் உலகச் சந்தை ஏறி உட்கார்ந்து மூவாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கிறது.

செயலாளர் வந்து எட்டிப் பார்த்தார். "விடும்மா. பெட்டிய மூடியே வச்சிரு. வெளியில ஒட்டியிருக்கிற படம் நல்லாருக்குல்ல, அது போதும்" என்றார். சட்டத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி.

அடுத்த கடை குமரேசண்ணனுடையது. சுங்குடிச் சேலை வியாபாரி. இருந்த அப்பளத்தூளில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பொரிச்சுக் குடு வளரு. ஒடஞ்சா என்ன, நாக்குக்கு வட்டமா சதுரமான்னு தெரியவா போகுது?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் மண்டபத்துக்குள் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதாம். காவலாளி சைகையில் நெருப்பு, ஓட்டம், ஆம்புலன்ஸ் மூன்றையும் நடித்துக் காட்டினார். நன்றாகவே நடித்தார்.

இரண்டாம் நாள்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த மண்டபத்தில் வாங்க வந்தவர் என்று யாருமே இல்லை. எல்லோரும் விற்க வந்தவர்கள். முந்திரிக்காரர் மூங்கில் கூடைக்காரரிடம் முந்திரியை நீட்டினார். கூடைக்காரர் குமரேசண்ணனிடம் கூடையை நீட்டினார். அண்ணன் சேலையை விரித்தார். பெண்கள் நிறையப் பேர் வந்து சேலையைத் தோளில் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு, மடித்துக் கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பார்த்தால் அண்ணன் ஒரு சேலையும் விற்காமல், அரக்குப் பெட்டி மூன்றும் கூடை ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். "உறவுன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்ல" என்றார்.

நடுவில் மேடையில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. செயலாளரும் அந்த ஊர்ச் சங்கத்தலைவரும் ஒரு நீலநிற அட்டையை மாற்றிக்கொண்டார்கள். கைதட்ட ஆள் போதவில்லை என்று எங்களைக் கடையை விட்டுவிட்டு வந்து உட்காரச் சொன்னார்கள். நானும் தட்டினேன். அட்டைக்குள் என்ன எழுதியிருந்தது என்று திரும்பி வரும்போது செயலாளரிடம் கேட்டேன். "பொதுவான நல்லெண்ணம்" என்றார்.

மதியச் சாப்பாடு ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சூப். அடியில் சேமியாவைவிடத் தட்டையான அரிசி நூல், மேலே கறி. பக்கத்தில் ஒரு தட்டு முழுக்கப் பச்சை இலைகள், காம்போடு. வெள்ளாட்டுக்கு வைக்கிற மாதிரி என்று முதலில் தயங்கினேன். கிள்ளிப் போட்டுக் குடித்துப் பார்த்தால், காய்ச்சல் விட்ட மறுநாள் குடிக்கிற ரசம் மாதிரி உடம்பெல்லாம் இறங்கியது. நம் ஊரில் இவ்வளவு மல்லித்தழை கேட்டால் காய்கறிக்காரர் மேலும் கீழும் பார்ப்பார்.

மூன்றாம் நாள், வருவது வரட்டும் என்று ஒரு தகர டின்னில் உடைசலை அள்ளிப் போட்டுக்கொண்டேன். மண்டபத்து வாசலில் ஏதாவது தள்ளுவண்டிக்காரரைக் கெஞ்சிப் பொரித்து, வருகிறவர் போகிறவர் கையில் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். மற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டதால் தனியாக ஒரு பைக் டாக்ஸியைப் பிடித்தேன். கொண்டைக்கு மேலே ஹெல்மெட், மடியில் டின், ஒருக்களித்து உட்கார்ந்த சேலை. மண்டபத்தின் பெயரை மூன்று தடவை சொன்னேன். ஓட்டுநர் மூன்று தடவையும் உற்சாகமாகத் தலையாட்டினார்.

தமிழில் ஒரு சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னாலும் இறக்கிச் சொன்னாலும் அது அதே சொல்தான். அங்கே அப்படியில்லை. ஏற்றினால் ஒன்று, இறக்கினால் இன்னொன்று. நான் எதை ஏற்றி எதை இறக்கினேனோ, அரைமணி நேரம் கழித்து அவர் என்னை ஒரு சந்தையின் பின்பக்கம் இறக்கிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கே பார்த்தாலும் காய்ந்த மீன், மூட்டை, பைக். என் கைபேசியில் இணையமும் இல்லை. வெயில் மட்டும் மதுரை வெயில். டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கடைவாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்குள் இருந்து ஒரு பெண் வந்தார். என் வயது இருக்கும், ஐம்பதை நெருங்குகிறவர். ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் ஐஸ் போட்ட தேநீரும் கொடுத்தார். பெயர் லான் என்று பிறகு தெரிந்தது. குடித்துக்கொண்டே உள்ளே பார்த்தேன். நாலைந்து பெண்கள் வட்ட வட்டமான அரிசித்தாளை, நம் அரிசி வற்றல் மாவைக் கண்ணாடி மாதிரி மெலிசாக ஊற்றிக் காயவைத்தது போல இருப்பதை, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் மாங்காய்த் துருவல், மிளகாய், வேர்க்கடலை, காய்ந்த இறால் எல்லாம் போட்டுக் குலுக்கிப் பையில் கட்டுகிறார்கள். வாசலில் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் உடைந்துவிட்டது என்று திட்டுகிறோம். இங்கே உடையாததை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வெட்டுகிறார்கள்.

லான் என் டின்னைத் திறந்து பார்த்தார். ஒரு துண்டை முகர்ந்தார். நான் எண்ணெய்ச் சட்டியைக் கை காட்டினேன். அவர் கடையில் சட்டி, அடுப்பு எல்லாம் இருந்தன. ஒரு கை அள்ளிப் போட்டேன். புஸ்ஸென்று பொங்கி வந்ததும் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். லான் ஒன்றைத் தின்றார். இன்னொன்றைத் தின்றார். பிறகு மாங்காய், மிளகாய் எல்லாம் போட்டுக் குலுக்கி வாசலுக்குக் கொண்டுபோனார். என் டின் மதியத்துக்குள் காலி.

அதன் பிறகுதான் அவர் தன் கைபேசியை எடுத்துப் பேசினார். அது கரகரத்த பெண்குரலில் தமிழில் சொன்னது: "உங்கள் இடிபாடுகள் மிகவும் சுவையானவை. எனக்கு மாதம்தோறும் இடிபாடுகள் வேண்டும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எத்தனை நொடி பொரிக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டார். அப்பளம் என்ற சொல் அந்தக் கைபேசிக்குப் பிடிபடவில்லை. "உங்கள் அப்பாவை எவ்வளவு நேரம் எண்ணெயில் வைக்க வேண்டும்?" என்றது. விரலால் மூன்று என்று காட்டினேன்.

இரண்டு விரல் அகலத்தில் ஒரே மாதிரி உடைத்து அனுப்ப வேண்டும், அதற்கு முன் ஒருமுறை நேரில் வந்து எப்படிச் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும், இதுதான் பேச்சு. சாயங்காலம் லானே என்னைத் தன் பைக்கில் மண்டபத்தில் கொண்டுவந்து விட்டார். செயலாளர் விஷயத்தைக் கேட்டதும் அவரைப் பேனருக்கு அடியில் நிறுத்திக் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். லானின் தலைக்கு மேல் 'உலகச் சந்தை' வருகிற மாதிரி இரண்டடி நகர்ந்து நிற்கச் சொன்னார்.

ஊருக்கு வந்த மறுநாளே திருவாதவூருக்கு ஓடினேன். பாண்டியம்மாள் அக்கா வீட்டு முன்னால் தகரக் கூரை போட்ட நீளமான இடம் இருக்கிறது. அதில்தான் பதினைந்து பேரும் உட்கார்ந்து தேய்ப்பார்கள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வெளிநாட்டு ஆர்டர், மாதம்தோறும், யாரையும் நிறுத்த வேண்டியதில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில்தான் உடைக்கிற விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா பலகையைத் தள்ளி வைத்தார்.

"யாரு ஒடைக்கணும்?"

"நம்மதான்க்கா. காஞ்சப்பறம் ரெண்டு வெரல் அகலத்துல."

"நானா?"

"கடைசியில எல்லாரும் ஒடச்சுத்தானக்கா திங்கிறாக."

"தின்றவுக ஒடைக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் மாவு உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். "நான் மொதல்ல டவுன்ல ஒரு கம்பெனிக்குத் தேய்க்கப் போனேன் வளரு. அப்ப எனக்குக் கலியாணம் ஆகல. ஒடைசல் விழுந்தா அதக் கையில குடுத்து வாசல்ல நிக்க வைப்பாக. போறவுக வாரவுக எல்லாம் பாப்பாக. களத்துல கூலிக்கு நின்னவ மக, ஒனக்கு இம்புட்டுத்தான் வரும்னு ஒருத்தன் சொன்னான். அன்னைக்கு வைராக்கியமாப் பழக்குன கை இது. இதுல ஒடைசல் விழாது. விழ வைக்கவும் மாட்டேன்."

மற்ற பெண்கள் பலகைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அக்கா சொன்னதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது.

வேறு ஆள் வைத்து கோச்சடையிலேயே உடைத்துக்கொள்ளலாம்தான். அக்காவுக்குத் தெரியவே வேண்டாம். ஒருநாள் கொட்டகையில் யாருமில்லாத நேரம், அவர்கள் அனுப்பிய கட்டு ஒன்றைப் பிரித்து நானே உடைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரே கனம், ஒரே வட்டம். மிஷின் மாதிரி இல்லை என்று சொன்ன கடைக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து உடைத்திருப்பேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "கை தவறிருச்சா?" என்றார். "ஆமா" என்றேன். அதற்கு மேல் உடைக்க முடியவில்லை. லானுக்கு எழுதி நிறுத்தவும் முடியவில்லை. அவர் டிக்கெட் எடுத்துவிட்டார்.

புரட்டாசியில் லான் வந்தார். விமான நிலையத்தில் செயலாளர் மாலையோடும் பொன்னாடையோடும் போட்டோக்காரரோடும் நின்றார். பொன்னாடை போர்த்தும்போது லான் அதை விலைக்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்துத் துணியைத் தடவிப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவை போர்த்தினார்கள்.

ஆட்டோவில் ஊருக்குள் வரும்போது அவர் காதைப் பொத்திக்கொண்டார். சைகோனில் இதைவிட அதிகமான பைக்குகள், ஆனால் மீன் கூட்டம் மாதிரி சத்தமில்லாமல் ஒன்றையொன்று விலகிப் போகும். இங்கே நிற்கிற பைக்கும் ஹாரன் அடிக்கிறது. கைபேசி கேட்டது: "இங்கே எல்லோரும் ஏன் கோபமாக இருக்கிறார்கள்?" ஆட்டோ அண்ணன் திரும்பி, "கோவமெல்லாம் இல்லன்னு சொல்லுங்க. நாங்க வாரோம்னு சொல்றோம், அம்புட்டுத்தான்" என்றார். சொல்லிவிட்டு ஒருமுறை அடித்தும் காட்டினார்.

மதியம் கொத்து பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மாஸ்டர் அடுக்கடுக்காக அழகான பரோட்டாக்களைப் போட்டு, பிறகு அவற்றையே இரண்டு தகரத்தால் கொத்திச் சின்னாபின்னமாக்குவதை லான் கைபேசியில் படம் பிடித்தார். மூன்று தட்டு சாப்பிட்டார். அந்தத் தகரச் சத்தத்துக்கு மட்டும் அவர் காதைப் பொத்தவில்லை.

மறுநாள் காலை வேனில் திருவாதவூருக்குக் கிளம்பினோம். அக்காவிடம், "ஒரு விருந்தாளி வாராங்க, அம்புட்டுத்தான்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். லானிடம் எல்லாம் தயார் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பொய்யும் வேனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தன.

ஊர் எல்லையில் வேன் நின்றுவிட்டது. ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. செடி சக்கரத்தில் சுற்றி, அச்சில் சிக்கி, புகைகூட வந்தது. பக்கத்துக் களத்திலிருந்து ஒருவர் அரிவாளோடு வந்து, எங்கள் மேல்தான் தப்பு என்கிற மாதிரி அறுத்துவிட்டார். "மெதுவா ஏத்தணும்ல. பருப்பு நசுங்குனா யாரு வாங்குவா?" என்றார். லான் இறங்கி நின்று பார்த்துவிட்டுக் கைபேசியில் சொன்னார்: "உங்கள் மக்கள் ரொட்டியை உடைக்கிறார்கள். செடியை வாகனத்தால் உடைக்கிறார்கள். நான் சரியான ஊருக்கு வந்திருக்கிறேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா இளநீர் வெட்டி வைத்திருந்தார். லான் குடித்துவிட்டு நேரே அக்காவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் கையையே ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு பலகையைத் தன் பக்கம் இழுத்து ஒரு உருண்டையைத் தேய்த்தார். அது ஒரு தீவின் வரைபடம் மாதிரி வந்தது. பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்காமல் உருண்டையைத் திருப்பிப் பிடித்து, கட்டையை எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று காட்டினார். மூன்றாவது ஏறக்குறைய வட்டமாக வந்தது.

"தொழில்காரிதான்" என்றார் அக்கா என்னிடம். "கையில சூடு பட்ட தழும்பு இருக்கு பாரு. இவுகளும் அடுப்புல நின்னவுகதான். சரி, இவுகதான் ஒடைக்கச் சொல்றாகளா?"

லானின் கைபேசி அதையும் கேட்டு அவர் மொழியில் ஏதோ சொன்னது. லான் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இரண்டு பேரிடமும், ஒரே நேரத்தில். அக்கா மாட்டேன் என்றதை, வாசலில் நின்றதை, நான் எழுதாமல் விட்டதை. கைபேசி எதை எப்படி மாற்றிச் சொன்னதோ, லான் திரும்பவும் அக்காவின் கையைப் பார்த்தார்.

பேசியது அக்காதான். "முழுசு இவுகளுக்கு ஏன் ஆகாதுன்னு கேளு."

கேட்டேன். பதில் வந்தது: "முழுமை பைக்குள் நுழையாது. வாய்க்குள்ளும் நுழையாது."

"இதுக்கா இம்புட்டு?" என்றார் அக்கா. ஒரு உருண்டையை எடுத்து நாலாகக் கிள்ளி, நாலையும் தனித்தனியாகத் தேய்த்தார். ஒவ்வொன்றும் வளையல் அகலத்தில், குட்டி வட்டமாக வந்தது. "பொடுசாத் தேய்ச்சாப் போகுது. ஒடைப்பானேன்?"

வெயிலில் சுருக்க உலர்த்திப் பொரித்தோம். ஓரம் மேலே சுருண்டு சின்னக் கிண்ணம் மாதிரி எழும்பியது. லான் பையிலிருந்து ஒரு பொட்டலம் மிளகாய்ப் பொடி எடுத்தார். கொல்லையில் மாங்காய் இல்லை, வெள்ளரிக்காயை நறுக்கி அந்தக் கிண்ணத்தில் வைத்துத் தின்றார். நாலு தின்றார். ஐந்தாவதை அக்காவின் வாயிலேயே ஊட்டிவிட்டார். அக்காவுக்கு மிளகாய் புரை ஏறியது.

"இது இடிபாடு அல்ல, இது வேறு பொருள். இதனால் எனக்கு வேலை அதிகம், யோசிக்க வேண்டும்" என்றது கைபேசி.

"எனக்குந்தான் வேலை சாஸ்தி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாலு தடவ தேய்க்கணும்ல. கூலி பழைய கூலி இல்ல வளரு, சொல்லிட்டேன்." அவர் முகம் பேரம் பேசுகிற முகமாக மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

லான் ஊருக்குப் போய் மூன்று வாரம் யோசித்தார். அந்த மூன்று வாரமும் நான் கைபேசியைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனேன். பிறகு ஆர்டர் வந்தது, குட்டி அப்பளத்துக்கு. யாரையும் நிறுத்தவில்லை. பக்கத்து ஊரிலிருந்து புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தோம். சங்கத்தின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் லானின் படம் இருந்தது. நீலநிற ஒப்பந்தத்தின் பலன் என்று கீழே எழுதியிருந்தார்கள். படத்தில் பின்னால் பார்த்தால் என் முழங்கை தெரியும்.

இரண்டாவது சரக்கு அனுப்புகிற வாரம் திருவாதவூரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுக்குக் கட்டு நாளிதழ் சுற்றி, இடுக்கில் வைக்கோல் திணித்து, பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அக்கா தன் கையாலேயே அடுக்கினார். அப்போது லானிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. சரக்கு நன்றாகப் போகிறது, வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கீழே எழுத்து. வீடியோவில் அவர் கடைப்பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பொரித்த குட்டி அப்பளங்களை ஒரு பாத்திரத்தில் போட்டு உள்ளங்கையால் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா பார்த்துவிட்டார்.

"என்னது, காட்டு."

காட்டினேன். ஒருமுறை பார்த்தார். திரும்பப் போடச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். கைபேசியை என் மடியில் வைத்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பினார்.

"இன்னும் ரெண்டு பேப்பர் வையி" என்றார். "போற வழியில ஒடஞ்சா நம்ம பேரு. போய்ச் சேந்து ஒடச்சா அவுக பாடு."